காணாமல் கிடைத்த சீட்

நம் விமர்சகர்கள் யாரும் தொடாத ஓர் இலக்கிய வகை சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஐந்நூறு சொற்கள். எதிரே முகம் தெரியாத ஒரு தேர்வுக்குழு. எழுதுபவருக்குப் பதினேழு வயது. "நான் ஏன் இந்தக் கலையைப் படிக்க விரும்புகிறேன்?" டிசைன் கல்லூரி, நடனப் பள்ளி, நாடகத் துறை, சினிமாப் பள்ளி எனப் பல இடங்களில் விண்ணப்பத்தோடு இப்படி ஒன்றைக் கேட்கிறார்கள். எஸ்ஓபி என்பார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது, தமிழில் யோசிக்கப்படுகிறது, வாட்ஸப்பில் திருத்தப்படுகிறது.

திருத்துபவர்களில் நானும் ஒருவன். மென்பொருள் வேலை, கட்டுரை எழுதும் பழக்கம், தப்பில்லாத ஆங்கிலம் மூன்றும் சேர்ந்த ஆள் ராஜபாளையம் பக்கத்து செட்டியார்பட்டியில் அதிகம் கிடையாது. அதனால் கடந்த சில வருடங்களில் சொந்தக்காரர் பிள்ளைகள், நண்பர்களின் தங்கைகள், ஆபீஸ் தோழர்களின் மகன்கள் என்று ஒரு பதினைந்து அறிக்கைகளாவது என் கைக்கு வந்துவிட்டன. பதினைந்தையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று புரியும். இது தனி ஆளின் கடிதம் அல்ல, ஒரு மரபு. முதல் பத்தியில் மூன்று வயதுக் குழந்தை சுவரில் கிறுக்கும். இரண்டாம் பத்தியில் வாசலில் கோலம் போடும் பாட்டி வருவார். மூன்றாவதில் ஒரு தடை (பெரும்பாலும் கணக்கு வாத்தியார்). நான்காவதில் கலையால் சமூகம் மாறும். கடைசியில் அந்தக் கல்லூரியின் பெயரும் அதைச் சிறு வயதிலிருந்தே கனவு கண்டதாக ஒரு வரியும். குறுந்தொகையில் தோழி எப்போது வருவாள் என்று தெரிவதுபோல, எஸ்ஓபியில் பாட்டி எப்போது வருவார் என்று எனக்கு இப்போது தெரியும்.

கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. மரபு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு கேட்பவர் இருக்கிறார் என்று பொருள். அந்தக் கேட்பவரின் காதுக்கு ஏற்றபடிதான் பாட்டு அமைகிறது. கலைக்குள் நுழைய விரும்பும் ஒருவர் வாசலில் நின்று என்ன சொல்ல வேண்டியிருக்கிறது? யாரிடம்? இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு தமிழில் சில பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடப் பழைய விஷயமாக இருந்தது.

*

பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பத்தில் ஐந்து. திருமுருகாற்றுப்படையை விட்டுவிட்டால் மற்ற நான்கும் பொருநர், பாணர், கூத்தர் என்று நிகழ்த்துக் கலைஞர்களைப் பற்றியவை. பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனிடம் இந்த ஊர் வழியாகப் போ, இங்கே இது சாப்பிடக் கிடைக்கும், அந்த மன்னனிடம் இப்படி நில் என்று சொல்லிக்கொண்டே போகிறான். பள்ளியில் இதை 'வள்ளலின் புகழ்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் ஆபீஸ் பாஷையில் இது எம்ப்ளாயி ரெஃபரல். உள்ளே போனவன் வெளியே நிற்பவனுக்கு வழி சொல்கிறான்.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது, போக வேண்டியவன் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்பது. அவனுடைய யாழும் பசியும்தான் அவனுடைய போர்ட்ஃபோலியோ. வறுமையின் வர்ணனைகூட வழிகாட்டுபவனின் வாயிலிருந்துதான் வருகிறது, அதுவும் தன் பழைய வறுமையாக. சிறுபாணாற்றுப்படையில், உப்பில்லாமல் வெந்த கீரையை வெளியே யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கதவை அடைத்துக்கொண்டு ஒரு குடும்பம் உண்ணும். அந்தக் கதவடைப்பை இன்றைய விண்ணப்பத்தில் 'சவால்களும் நான் அவற்றை வென்றதும்' என்ற கட்டத்தில் நிரப்பச் சொல்வார்கள். கதவை அடைத்தவரிடமே கதவைத் திறந்து காட்டச் சொல்வதுதான் இந்தப் புதிய வகையின் வித்தியாசம்.

எல்லாப் பாணரும் கேட்டதும் வாங்கிக்கொண்டு போனார்கள் என்றும் இல்லை. புறநானூற்றில் அதியமானைப் பற்றி இரண்டு பாட்டுகள் அருகருகே இருக்கின்றன. 206-ல் ஔவையார் வாயில்காப்பவனிடம் பேசுகிறார். பரிசு தாமதமாகிறது, சரி, தச்சன் பிள்ளைகள் கோடரியோடு போனால் எந்தக் காட்டிலும் பிழைப்பு உண்டு, அதுபோல எங்களுக்கும் எந்தத் திசையிலும் சோறு உண்டு என்பது அதன் சாரம். காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்ட கலைஞரின் கோபம் இது. அதில் அவர் தன் கலையை மரவேலையோடு ஒப்பிட்டுக்கொள்வதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். தேடி வந்தவருக்கு வாசலில் வேண்டியது மரியாதை, பக்தி இல்லை.

208 இன்னும் விசித்திரம். பெருஞ்சித்திரனார் பரிசு கேட்டு வருகிறார். அதியமான் அவரைப் பார்க்காமலேயே பொருள் கொடுத்து அனுப்புகிறான். அவர் மறுக்கிறார். என்னைப் பார்க்காமல், என் தகுதி தெரியாமல் தந்ததை வாங்க நான் வியாபாரி இல்லை. தெரிந்து தந்தால் தினையளவு போதும். தமிழில் தேர்வுமுறை பற்றி எழுதப்பட்ட மிகச் சுருக்கமான விமர்சனம் இதுதான்.

இந்தப் பாட்டு எனக்குச் சங்கடமானது. பெருஞ்சித்திரனார் மறுத்ததை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டவன். 2007-ல் தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு போனது. நான் 2008-ல் சேர்ந்தேன். கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, மொத்தம் இருநூறுக்கு ஒரு கட்-ஆஃப். அண்ணா பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங். பெரிய திரையில் கல்லூரிப் பெயர்களும் காலி இடங்களும் ஓடிக்கொண்டிருக்கும். அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். எங்களிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன் கம்ப்யூட்டர் சயின்ஸ்? உன் உத்வேகம் யார்? ஒன்றுமில்லை. ஒரு எண் போய் ஒரு சீட் வந்தது. என்னைக் காணாமல் தந்த பரிசில். அந்தக் காணாமையில் ஒரு கருணை இருந்தது. என் சட்டை, என் அப்பாவின் பேச்சு, நான் என்னென்ன படம் பார்த்திருக்கிறேன் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எத்தனையோ பேர் அந்த எண்ணின் குருட்டுத்தனத்தில்தான் உள்ளே வந்தோம். பியர் பூர்தியுவும் பஸ்ஸெரோனும் 1964-ல் எழுதிய 'வாரிசுகள்' நூல், பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் 'ரசனை', 'இயல்பான திறமை' என்று மெச்சப்படுவதில் பெரும்பகுதி வீட்டிலிருந்து வரும் சொத்து என்று வாதிட்டது. சொத்து இல்லாதவனுக்கு, பார்க்காமல் தரும் அரசனே நல்லவன்.

ஆனால் கலையைக் காணாமல் எடைபோட முடியுமா? இங்கேதான் என் பொறியாளர் மூளை நின்றுவிடுகிறது.

*

சிவாஜி கணேசனின் சுயசரிதையில் (டி.எஸ். நாராயணசாமி அவரிடம் கேட்டுத் தொகுத்தது) ஓர் இடம் உண்டு. கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து மயங்கிய சின்னப் பையன் திருச்சியில் முகாம் போட்டிருந்த பாய்ஸ் கம்பெனியில் போய் நிற்கிறான். பாடிக் காட்டுகிறான். அப்பா அம்மா எங்கே என்று கேட்கிறார்கள். யாரும் இல்லை, நான் அநாதை என்கிறான். சேர்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் அம்மா அப்பா அண்ணன் எல்லோரும் இருக்கிறார்கள். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி அது. அவனுக்குக் கிடைத்த முதல் வேஷம் சீதை.

இந்தப் பொய்யைச் சிவாஜி குறும்பாகத்தான் சொல்கிறார். ரசிகர்களும் 'அப்போதே நடிக்க ஆரம்பித்துவிட்டார்' என்று முடித்துக்கொள்வார்கள். நான் அப்படிப் படிக்க மாட்டேன். ஏழெட்டு வயதுப் பையனுக்கு எப்படித் தெரிந்தது, அந்த வாசலில் அந்தப் பொய்தான் செல்லும் என்று? அவன் புத்திசாலி என்பதால் மட்டும் இல்லை. அந்த அமைப்பு எதைக் கேட்க விரும்புகிறது என்பது தெருவுக்கே தெரியும். கம்பெனி வீட்டில் தங்கி, ஊர் ஊராகப் போய், வாத்தியாரிடம் அடி வாங்கி, வருடக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல் இருக்க வேண்டும். தேடி வர ஆள் இல்லாத பையன் அதற்கு வசதி. விண்ணப்பதாரர் சொல்லும் பொய், நிறுவனத்தின் ஆசையினுடைய அச்சு. எண்பது தொண்ணூறு வருடம் கழித்து என்னிடம் வரும் அறிக்கைகளில் கோலம் போடும் பாட்டியும் அதே வேலையைச் செய்கிறார். அன்றைய கம்பெனிக்கு வேரில்லாத பையன் தேவைப்பட்டான். இன்றைய தனியார் கலைப்பள்ளிக்கு அழகான வேருள்ள பெண் தேவைப்படுகிறாள்.

டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' இதற்கு மறுபக்கம். நம் மொழியின் நல்ல தன்வரலாறுகளில் ஒன்று அது. நாடக வரலாறு படிப்பவர்களைத் தவிர இளைஞர்கள் அதைத் தொடாதது வருத்தம். அப்பா கண்ணுசாமிப் பிள்ளையே நடிகர். 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்வ பால சபையில் சகோதரர்கள் சேர்கிறார்கள். சண்முகத்துக்கு ஆறு வயது. நுழைவுத்தேர்வு என்பது சாரீரம். தொண்டை இருந்தால் இடம். அந்தத் தொண்டைக்கும் காலக்கெடு உண்டு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை ராஜபார்ட் போட்ட பையன் இன்று பின்பாட்டுக்கும் ஆகமாட்டான். எந்தக் கல்லூரியும் இவ்வளவு கொடூரமான செமஸ்டர் முறை வைத்ததில்லை.

அதே சுவாமிகள்தான் அந்தப் பையனுக்காக ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி'யை எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் எல்லோரும் அறிந்த கதை. பாடத்திட்டத்துக்கு ஏற்ற மாணவனைத் தேடாமல் மாணவனுக்கு ஏற்ற பாடத்தை எழுதிய வாத்தியார். பெருஞ்சித்திரனார் கேட்டது இந்தப் பார்வையைத்தான். இங்கே அடிக்கும் கையும் அதுதான், பார்க்கும் கண்ணும் அதுதான். குருகுலத்தைக் கொண்டாடுபவர்கள் கண்ணை மட்டும் பேசுவார்கள், திட்டுபவர்கள் கையை மட்டும். சண்முகத்தின் புத்தகத்தின் பலம் இரண்டையும் ஒரே மரியாதையான குரலில் சொல்லிப் போவது. பலவீனமும் அதுவே. கோபப்பட வேண்டிய இடங்களிலும் அவர் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறார். சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களின் சுயசரிதைகளைத்தான் நாம் படிக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. மகரக்கட்டில் உடைந்து ஊர் திரும்பிய பையன்கள் புத்தகம் எழுதவில்லை.

*

செட்டியார்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்தான். அங்கே விண்ணப்பமே தேவைப்படாத ஒரு கலை உண்டு, அரையர் சேவை. குல்லாயும் தாளமுமாகப் பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, வியாக்கியானம் சொல்வது. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, கர்நாடகத்தின் மேல்கோட்டை என்று சில கோயில்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தகப்பனிடமிருந்து மகனுக்கு. பிறப்புதான் சேர்க்கை. வேறு யாருக்கும், அந்த வீட்டுப் பெண்களுக்கும், வாசல் இல்லை. ஆண்டாளின் ஊரில் என்பதை அடிக்கோடிடத் தேவையில்லை.

பரதநாட்டியத்தில் இந்தக் கதை தலைகீழாக நடந்தது. 1936-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்குகிறார். 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வருகிறது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் நடனத்துக்கு விண்ணப்பப் படிவம் அச்சான அதே காலத்தில், அதுவரை படிவம் இல்லாமலே அதை ஆடிக்கொண்டிருந்த குடும்பங்களின் வாசல் அடைபட்டது. கலை பொதுவானது என்று நாம் சொல்லும்போது, எந்தப் பொதுமக்களுக்கு என்ற கேள்வி பின்னாலேயே வந்து நிற்கிறது. இது பெரிய விவாதம், நிறைய எழுதப்பட்டிருக்கிறது, நான் கடந்து போகிறேன்.

எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் மாவட்டத்துக்காரர், எங்கள் கரிசல். 2014-ல் வந்து 2018-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். கோயில் திருவிழாவில் அவமானப்படுத்தப்பட்ட நாதஸ்வரக்காரர்கள் பந்தலுக்குத் தீ வைத்துவிட்டு ஓடுவதில் தொடங்குகிறது. நாவலாக அதன்மேல் எனக்கு விமர்சனம் உண்டு. கதைக்குள் கதையாகச் சொல்லிச் செல்லும் ஆசையில் ரத்தினமும் பக்கிரியும் அவ்வப்போது மறைந்துபோகிறார்கள்; நாதஸ்வரத்தின் புராணத்தைச் சொல்லும் வேகம் நாதஸ்வரக்காரனின் ஒரு நாளைச் சொல்வதில் இல்லை. ஆனால் ஒன்றை அது சரியாகப் பிடித்தது. கலை உள்ளே அழைக்கப்பட்ட பிறகும் கலைஞன் வெளியே நிற்கிறான். அவன் வாசிக்காமல் கல்யாணம் இல்லை, தேர் இல்லை. அவன் உட்காரும் இடமோ இன்னும் முடிவாகவில்லை. சேர்க்கை என்பது ஒரு நாளில் முடிகிற காரியம் அல்ல என்பதை அந்த நாவலின் ஒவ்வொரு ஊரும் சொல்கிறது.

அதே கரிசலில், விருதுநகரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம், நாதஸ்வரம், தவில், தேவாரம் என்று மூன்று வருடப் படிப்புகள். சேர்க்கை அறிவிப்பை ஒருமுறை படித்துப் பாருங்கள். குரலிசைக்கும் பரதத்துக்கும் ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. தவிலுக்கு வருபவன் படித்திருக்க மாட்டான் என்று அரசாங்கமே முடிவு செய்துவிட்டதா? பிறகு யோசித்தால், பள்ளியைப் பாதியில் விட்ட பையனையும் வெளியே நிறுத்தாத ஒரே கலைச் சேர்க்கை விதி நம் மாநிலத்தில் அதுதான் என்று தோன்றியது. அந்த ஒரு வரியில் சாதியின் நினைவும் இருக்கிறது, ஒரு நல்ல குமாஸ்தாவின் இரக்கமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. எஸ்ஓபி கேட்காத விதி என்பதும் ஓர் ஆறுதல்.

*

என் பெரியப்பா மகன், அண்ணன், நைட்டி தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். தளவாய்புரமும் செட்டியார்பட்டியும் ஒட்டிய ஊர்கள், தெருவுக்குத் தெரு மிஷின் சத்தம் கேட்கும். எட்டு மிஷின், ஒரு ஓவர்லாக், பீஸ் ரேட்டில் தைக்க வரும் பெண்கள். கட்டிங் மட்டும் அண்ணனே செய்வார். அவருடைய மகள் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். வரைவாள். இரண்டு இடங்களுக்கு விண்ணப்பிக்க ஆசை. ஒன்று சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. இன்னொன்று ஒரு தனியார் டிசைன் பள்ளி, பெயர் வேண்டாம். அங்கே விண்ணப்பக் கட்டணமே ஒரு பெண் பத்து நாள் தைத்தால் வரும் கூலி. அவர்கள்தான் அந்த ஐந்நூறு சொற்களைக் கேட்டார்கள்.

அனுப்பினாள். இரண்டாம் பத்தியில் பாட்டி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் பாட்டி எனக்குப் பெரியம்மா. தறியில் நூல் சுற்றிக் கொடுத்தே காலம் போனவர். கோலத்துக்கு நாலு புள்ளி வைத்து இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவார், அதற்கு மேல் அவருக்கு நேரம் கிடையாது.

"பாப்பா, உங்க ஆச்சி எப்ப சிக்குக் கோலம் போட்டாங்க?" என்று போனில் கேட்டேன்.

"அது சும்மா சித்தப்பா. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. யூட்யூப்ல ஒரு அக்கா சொன்னாங்க, ரூட்ஸ் இருக்கணும்னு."

"சரி. அப்பாவப் பத்தி ஒண்ணுமே காணமே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நைட்டி தைக்கிறார்னு எப்படிப் போடுறது? ஒரு மாதிரி இருக்காது?"

பொய் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. சிவாஜி சொல்லாத பொய்யா? என்னை உறுத்தியது, அவளுக்குத் தெரிந்த ஒரே உண்மையான வரைகலை அந்தப் பக்கத்தில் இல்லாமல் போனது. கட்டிங் மேஜையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே மார்க்கிங் போடுவார்கள். முன்பாகம், பின்பாகம், கை, கழுத்துப் பட்டி எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி, கைவளைவு விட்ட இடத்தில் பட்டி போய் உட்கார வேண்டும். இடைவெளிதான் நஷ்டம். அண்ணன் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா நிற்பார். பிறகு ஒரே இழுப்பு. இவள் ஏழாவது படிக்கும்போதிலிருந்து அவருக்கு மார்க்கிங் போட்டுக் கொடுக்கிறாள். வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளின் வடிவத்தை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். நான் பார்த்திருக்கிறேன். மீன் மாதிரி, பிறை மாதிரி, பல் போன சீப்பு மாதிரி, பக்கம் பக்கமாக. வடிவத்துக்கு வெளியே இருக்கும் வெளி என்று கலைக் கல்லூரியில் முதல் வருடம் சொல்லிக்கொடுப்பதை அவள் 'வேஸ்ட்' என்ற பெயரில் படித்து முடித்துவிட்டாள்.

இதை எழுது என்று சொல்வதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நைட்டி யூனிட் மகள் என்றால் அந்தக் குழு உருகலாம். வறுமையை அழகாக மடித்துக் கொடுப்பதும் அந்த வகையின் இலக்கணத்துக்குள் வருவதுதான். பாட்டிக்குப் பதில் மிஷின் சத்தம். அண்ணன் தன் தொழிலை வறுமையாக நினைக்கவில்லை, எட்டு பேருக்கு வேலை கொடுப்பவர். மதினியிடம் கேட்டால், எங்கள் கதையை எதற்கு அவர்களிடம் சொல்ல வேண்டும் என்பார். நியாயமான கேள்வி. எனக்கு வேலை கொடுத்த எந்தக் கம்பெனியும் என் வீட்டுக் கதையைக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் வெள்ளைப் பலகையில் ஒரு புரோகிராம் எழுதச் சொல்லித்தான்.

அதனால்தான் அந்த அரசு கல்லூரியின் முறை இன்னும் மேலானது என்று எனக்குப் படுகிறது. நேரில் வரச் சொல்கிறார்கள், உட்காரவைத்து வரையச் சொல்கிறார்கள். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய இடம். பொதிகையில் ஏறி எழும்பூரில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். குறைகள் எக்கச்சக்கம். கோச்சிங்குக்குப் போய், பானையும் துணியும் நிழலோடு வரையப் பழகிய கைக்கு அங்கேயும் சலுகை உண்டு. தேர்வறையில் அமைதியாக இருக்கும் நகரத்துப் பையனுக்கும் முதல் முறை சென்னை பார்க்கும் பெண்ணுக்கும் அந்த மூன்று மணி நேரம் ஒன்றல்ல. ஆனாலும் அங்கே கேட்கப்படுவது கோடு. பெருஞ்சித்திரனாரின் நிபந்தனையில் பாதியையாவது அது நிறைவேற்றுகிறது. ஆளைப் பார்க்கிறதோ இல்லையோ, கையைப் பார்க்கிறது.

அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை அவருடையது. அதற்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் கல்லூரியின் காவலாளி என்று சொல்வார்கள். ஔவையார் பேசிய அதே வாயில்காப்போன். உள்ளே போக மனு போடாதவர் கடற்கரையில் வெண்கலமாக நிற்கிறார்.

*

யார் யாரை எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பார்த்தால் எந்த விதிக்கும் அடங்காத கதைகள்தான் மிஞ்சுகின்றன. ரோதினை பாரிஸின் பெரிய கலைப்பள்ளி மூன்று முறை தள்ளியது. கே.ஜி. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை போனதால் அரசுக் கல்லூரிகளில் படிக்கத் தடை. அந்தத் தடைதான் அவரை 1944-ல் சாந்திநிகேதனுக்கு அனுப்பியது. ராம்கிங்கர் பைஜ், பாங்குராவின் நாவிதர் குடும்பத்துப் பையன், 1925-ல் அங்கே வந்து தன் படங்களைக் காட்டியபோது, எல்லாம் தெரிந்திருக்கிறதே, இங்கே எதற்கு வந்தாய், சரி ரெண்டு மூணு வருஷம் இரு என்ற பொருளில் நந்தலால் போஸ் சொன்னதாகச் சொல்லப்படுவதுண்டு. ராம்கிங்கர் வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்துவிட்டார். நல்ல சேர்க்கைக் கடிதம் என்றால் எனக்கு அந்தப் பேச்சுதான்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் உண்டு, கொண்டைய ராஜு. 1898-ல் பிறந்து, சென்னை கலைப்பள்ளியில் படித்தவர். ஓவிய வாத்தியாராகவோ அரசாங்க ஓவியராகவோ ஆகியிருக்கலாம். கொஞ்ச காலம் ரமணாசிரமம், பிறகு நாடகக் கம்பெனிக்குப் படுதா வரையும் வேலை. கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். அவரைச் சுற்றிப் பையன்கள் சேர்ந்தார்கள். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி.எஸ். அருணாச்சலம் என்று பின்னால் காலண்டர் படங்களில் கையெழுத்தாகப் பார்க்கும் பெயர்கள். அவர்கள் வரைந்த லட்சுமியும் முருகனும் சிவகாசியில் அச்சாகி, வருடா வருடம் நாடு முழுக்கச் சுவர்களில் ஏறினார்கள். எங்கள் வீட்டுப் பூஜை அறையிலும், ஒரு மளிகைக் கடையின் பெயரோடு.

அந்தப் பட்டறையில் சேர என்ன தகுதி வேண்டியிருந்தது? பக்கத்தில் இருந்து வர்ணம் குழைத்துக் கொடுக்க வேண்டும், பிறகு ஆடையின் மடிப்பு, பிறகு நகை, கடைசியில்தான் முகம். சென்னை கலைப்பள்ளியில் அவர் வாங்கிய படிப்பை, கோவில்பட்டியில் யாருக்கும் விண்ணப்பம் கொடுக்காமல் பிரித்துக் கொடுத்துவிட்டார். 1976 வரை இருந்தார். கலை வரலாறு எழுதியவர்கள் அவரை வெகுநாள் 'பஜார்' என்று ஒதுக்கினார்கள். கே.சி.எஸ். பணிக்கரின் சோழமண்டலம் பற்றி எழுதியதில் நூறில் ஒரு பங்காவது கோவில்பட்டி பற்றித் தமிழில் எழுதியிருக்கலாம். ராஜபாளையத்தில் குமாரசாமி ராஜா தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றமாகக் கொடுத்தார். எங்கள் பக்கம் கலைக்கு வீடு இல்லாமல் இல்லை. கச்சேரிக்கு இருக்கும் கூடம் படுதாவுக்கும் காலண்டருக்கும் இருந்ததில்லை.

அண்ணன் மகளுடைய கடிதம் கடைசியில் நூற்றுச் சொச்சம் சொற்களில் முடிந்தது. பாட்டி போய்விட்டார். அப்பா வருகிறார், ஆனால் கஷ்டப்படவில்லை. சாக்பீஸோடு இரண்டு நிமிடம் சும்மா நிற்கிறார், அவ்வளவுதான். மிச்சம் முழுக்கத் துண்டுத் துணிகளின் வடிவங்கள். ஐந்நூறு சொற்கள் கேட்டிருக்கிறார்களே என்றாள். கேட்கட்டும் என்றேன். போர்ட்ஃபோலியோவுக்கு அந்த நோட்டைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தோம். மார்க்கிங் பேப்பர் ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்றாள். நல்ல யோசனை, ஆனால் அது நாலு மீட்டர் நீளம், அவர்கள் கேட்பது ஏ-3. அண்ணன் மிஷினை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஸ்டூல்மேல் ஏறி நின்று, கட்டிங் மேஜை முழுவதும் விழுகிற மாதிரி போட்டோ எடுத்துக் கொடுத்தார். முதல் படத்தில் அவருடைய கால் விரல் விழுந்திருந்தது. அதையே அனுப்பலாம் என்றாள்.